பதினோராவது பவுன்

தேக்கா, சிங்கப்பூர்
1903 மே 11, திங்கட்கிழமை

தங்கை மங்களத்துக்கு,

நேற்று நீ என் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாய். "பவுன் ஒண்ணு பதினஞ்சு ரூபாய். நாகப்பட்டினத்துல நாலஞ்சு வருஷமா அதே வெலைதான். உங்க ஊருல மட்டும் அதுக்குக் கால் மொளைச்சிருச்சா அண்ணே?" பக்கத்து வீட்டுப் பால்காரர் மாட்டைக் கட்டுவதை விட்டுவிட்டு நின்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீ கமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறிவிட்டாய்.

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். உன் கேள்வி நல்ல கேள்வி. கேட்ட விதம்தான் நல்லதாக இல்லை. இருக்கட்டும். வாசலில் சொல்ல முடியாததைத் தாளில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் நடந்ததை வரிசையாக வைப்போம். போன வருஷம் சித்திரையில், மைத்துனர் காலமான பிறகு, நீயும் கமலாவும் கப்பலேறி இங்கே வந்தீர்கள். உன் மடியில் 165 ரூபாய் இருந்தது. ரூபாய் இங்கே கடைகளில் செல்லாது என்று துறைமுகத்திலேயே அதை வெள்ளியாக மாற்றினோம். (இந்த ஊர் டாலரை எல்லோரும் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், அதுவே உனக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று.) ரூபாய்க்கு 76 காசு வீதம் 125 வெள்ளி 40 காசு கிடைத்தது. அன்று பவுன் விலை 11 வெள்ளி 40 காசு. அது உனக்கும் நினைவிருக்கிறது.

தை மாதம் சரஸ்வதி அம்மாள் வீட்டில் கமலாவைப் பேசி முடித்தபோது, பதினோரு பவுனில் காசுமாலை போடுகிறேன் என்று நீ வாக்குக் கொடுத்தாய். மாசியில் அந்த 125 வெள்ளி 40 காசை என்னிடம் கொடுத்துப் பவுனாக வாங்கச் சொன்னாய். நான் வாங்கிய நாளில் பவுன் 12 வெள்ளி 60 காசு. பத்துதான் வந்தது. அதற்கும் அறுபது காசு நான் போட வேண்டியிருந்தது. உன் வீடு கீற்றுக் கூரை வீடு, அதில் தங்கம் வேண்டாம் என்று என் பெட்டியிலேயே வைத்திருந்தேன். நேற்று எடுத்துக் கொடுத்தேன். நீ எண்ணினாய்.

நீயோ அதற்கு முதல் நாள் காசு மாற்றும் கடைகள் இருக்கும் மார்க்கெட் தெருவில் விலை விசாரித்திருக்கிறாய். 11 வெள்ளி 40 காசு என்றார்களாம். வந்த நாளிலும் அதே விலை, இன்றும் அதே விலை, ஆகவே நடுவிலும் அதே விலைதான், ஒரு பவுனை அண்ணன் எடுத்துக்கொண்டார் என்பது உன் கணக்கு.

மங்களம், ரோச்சோர் ஆற்றுப் பாலத்தில் ஒரு நாள் நின்று பார். தண்ணீர் நடுவே தோணி கட்டும் கம்பம் ஒன்று நட்டிருக்கிறது. கடல்நீர் இறங்கியிருக்கும்போது கம்பம் முக்கால்வாசி தெரியும். நீர் ஏறினால் கால்வாசிதான். தோணிக்குள் படுத்திருப்பவனுக்குக் கம்பம்தான் மேலும் கீழும் போவதாகத் தோன்றும். பவுன் அந்தக் கம்பம். இந்த ஊர் வெள்ளி அந்தத் தண்ணீர். நாம் எல்லோரும் தோணிக்குள் இருக்கிறோம். நீ பார்த்த இரண்டு நேரத்திலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருந்தது. நடுவில் இறங்கி ஏறியதை நீ பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பந்தல் பேச எப்போது வரட்டும் என்று எழுது.

அன்புள்ள அண்ணன்,
பரமசிவம்


கேலாங்
மே 14

அண்ணன் அவர்களுக்கு மங்களம் எழுதுவது.

சுகம் விசாரிக்கவில்லை. இந்தக் கோபத்தில் விசாரித்தால் அது பொய்யாகிவிடும்.

உங்கள் கடிதத்தை நானும் கமலாவும் படித்தோம். கம்பம், தண்ணீர், தோணி. நான் கேட்டது ஒரு பவுன். நீங்கள் அனுப்பியது ஒரு ஆறு.

எனக்கு இரண்டு சந்தேகம். உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், இரண்டுக்கும் பதில் இல்லை. ரூபாயும் வெள்ளியில் அடித்த காசுதானே? சுண்டினால் அதே சத்தம்தானே வருகிறது? அப்படியானால் அது ஏன் நாகப்பட்டினத்தில் ஆடவில்லை? உங்கள் ஆறு அங்கே வராதா?

இரண்டாவது சந்தேகம்தான் பெரியது. மாசியில் பத்துதான் வந்தது என்றால் மாசியிலேயே ஏன் சொல்லவில்லை? பங்குனி, சித்திரை என்று ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டீர்கள். "தங்கச்சி, ரசம் நல்லா இருக்கு" என்றீர்கள். கமலாவுக்கு மிட்டாய் வாங்கி வந்தீர்கள். பவுன் என்ற சொல் உங்கள் வாயில் வரவில்லை. நானாகப் போய் விலை கேட்டு வந்த மறுநாள்தான் பெட்டியைத் திறக்கிறீர்கள். உங்கள் மாணவன் ஒருவன் இப்படிச் செய்தால் அவனை என்னவென்று நினைப்பீர்கள்?

நான் மசாலை அரைத்து விற்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அரைத்தேன் என்று எனக்குத் தெரியும். காசு குறைந்தால் யார் தரவில்லை என்றும் தெரியும். எனக்குத் தெரியாமல் என் பணம் குறைந்தது இதுதான் முதல் தடவை.

பதினொன்று போடுகிறேன் என்று சம்பந்தி அம்மாளிடம் சொன்னது என் வாய். சபையில் எண்ணப்போவது என் மாலை. பத்து வரும்போது தலை குனியப்போவது நீங்கள் இல்லை.

கிராஞ்சியில் சாலை வேலைக் கங்காணியாக இருக்கும் நம் பெரியப்பா மகன் வடிவேலு அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனியில் கமலாவுக்கு அவர் தாய்மாமனாக நிற்பார். மாலை போடுவதும், பட்டம் கட்டுவதும், மணவறைக்குக் கைபிடித்துக் கூட்டி வருவதும் அவர். நீங்கள் வரலாம். பந்தியில் உட்காரலாம்.

மங்களம்


தேக்கா
மே 17, ஞாயிறு

மங்களம்,

பந்தியில் உட்காரலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கூடப்பிறந்த தாய்மாமன் மூன்று மைல் தூரத்தில் இருக்க, கிராஞ்சிக் காட்டிலிருந்து மாமன் வருகிறான். வடிவேலு நல்லவன். ஆனால் கமலாவுக்கு அம்மை போட்டிருந்த போது எங்கே இருந்தான் அவன்? வந்த புதிதில் உங்கள் இருவருக்கும் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தது யார்? இதையெல்லாம் சொல்லிக்காட்டுகிறவன் நான் இல்லை. சொல்லிக்காட்ட வைத்துவிட்டாய்.

கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் விட எனக்கு வராது.

ஊரில் நம் தெருவில் மீன்கூடை வரும் காலைகளை நினைத்துப் பார். தோணிகள் நிறைய மீனோடு கரைசேர்ந்த அன்று, மீன்காரி நீ சொல்லும் விலைக்கு இறங்கி வருவாள். காற்று அடித்து இரண்டே தோணி வந்தால் அவளே ராணி. மீனுக்கு நேற்றும் இன்றும் அதே செதில்தான், அதே ருசிதான். வந்த அளவும் வாங்குகிறவர் அவசரமும்தான் மாறின. வெள்ளி உலோகமும் இப்படித்தான். மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் சுரங்கத்திலிருந்து கூடை கூடையாக வருகிறது. சீனத்தார் நிறைய வாங்கினால் விலை ஏறும். அவர்கள் கையை மடக்கிக்கொண்டால் இறங்கும். லண்டனில் அன்றாடம் அதற்கு ஒரு விலை வைக்கிறார்கள். அது தந்தியில் இங்கே வந்துவிடுகிறது. மீன்காரியாவது கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து வர வேண்டும். தந்திக்கு அந்தச் சிரமமும் இல்லை. சில நாள் மீனே வர வேண்டாம், புயல் வரப்போகிறது என்ற பேச்சு போதும். இப்போது சர்க்கார் நமக்குப் புது வெள்ளி அடிக்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சுக்கே விலை ஆடுகிறது.

இந்த ஊரில் ஓடும் மெக்சிகோ வெள்ளிக்கு உள்ளே இருக்கும் உலோகம் என்ன பெறுமோ அதுதான் அதன் மதிப்பு. உலோகம் இறங்கினால் வெள்ளியும் இறங்கும். உடனே பவுனுக்கு அதிக வெள்ளி கொடுக்க வேண்டும். பவுன் ஏறிவிட்டது என்று நாம் சொல்கிறோம்.

ரூபாய் ஏன் ஆடவில்லை? சத்தம் ஒன்றுதான், சட்டம் வேறு. பத்து வருஷத்துக்கு முன்பே அங்கே காசு அடிக்கும் டங்கசாலைக் கதவை மூடிவிட்டார்கள். யாரும் வெள்ளிக் கட்டியைக் கொண்டுபோய் ரூபாயாக அடித்துத் தரச் சொல்லிக் கேட்க முடியாது. பதினைந்து ரூபாய்க்கு ஒரு பவுன் என்று சர்க்கார் பிறகு கணக்கு வைத்தது. இன்று ஒரு ரூபாயை உருக்கினால் அதில் ஏறக்குறைய அரை ரூபாய்க்குத்தான் வெள்ளி இருக்கும். மீதி சர்க்கார் வாக்கு. அதனால் ரூபாய் தண்ணீரோடு போகவில்லை. கம்பத்தோடு கட்டிவிட்டார்கள்.

நான் சொன்னால் நம்ப மாட்டாய். நம்ப வேண்டாம். இந்த வாரம் இரண்டு மூன்று நாள் மார்க்கெட் தெருவுக்குப் போ. பவுன் விலை கேட்கும்போதே ரூபாய் என்ன விலை என்றும் கேள். என் சிநேகிதர் கடையில்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேள்.

மாசியில் ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. திருடன் என்று பேர் வாங்கிய பிறகு அதை எழுத எனக்கு மனமில்லை.

பரமசிவம்


கேலாங்
மே 25

அண்ணன் அவர்களுக்கு,

போனேன். மூன்று நாள் போனேன். மூன்று நாள் அரவை நின்றது. அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் சிநேகிதர் ஒலி முகம்மது கடைக்கு முதலில் போகவில்லை. எதிர்வரிசையில் வேறொருவர் கடையில் கேட்டேன். செவ்வாய்க்கிழமை பவுன் 11 வெள்ளி 40, ரூபாய் 76 காசு. வியாழக்கிழமை பவுன் 11 வெள்ளி 25, ரூபாய் 75 காசு. சனிக்கிழமை ஏறிவிட்டது. பவுன் 11 வெள்ளி 55, ரூபாய் 77 காசு. கமலா தெருவோரத்திலேயே நின்று பெருக்கினாள். "அம்மா, மூணு நாளும் ரூபாயைப் பதினஞ்சால பெருக்கினா பவுன்தான் வருது" என்றாள். நானும் விரலால் போட்டுப் பார்த்தேன். வந்தது. ஐந்து நாளைக்குள் விலை மூன்று விதமாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை திரும்பும்போது ஒலி முகம்மது கூப்பிட்டார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எங்களை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"என்னம்மா, எதிர்க்கடையில தெனமும் வெலை மட்டும் கேட்டுட்டுப் போறீங்க? வாங்குறதுன்னா இங்க வாங்க, வெலை மட்டும் கேக்குறதுன்னா அங்கயே போங்க. வெலை சொல்றதுக்குக் கூலி கெடைச்சா நான் இந்நேரம் மாடி கட்டியிருப்பேன் லா."

"நான் தேக்கா வாத்தியார் தங்கச்சி" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலி போடச் சொன்னார். "மாசியில வாத்தியார் இதே எடத்துலதான் நின்னாரு. தெனமும் வருவாரு. தெனமும் பவுன் ஏறிக்கிட்டே போச்சு. நாளைக்கு எறங்குமா பாய், நாளைக்கு எறங்குமான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கென்ன லண்டன்ல மாமனா இருக்கான்? நாந்தான் சொன்னேன், இன்னும் காத்திருந்தா ஒம்பதுதான் வரும், இன்னிக்கே முடிச்சிருங்கன்னு. பத்தை வாங்கிக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்ல."

ஆகவே நீங்கள் என் பவுனை எடுக்கவில்லை. எடுத்தீர்கள் என்று சொன்னது என் தப்பு. எழுதிக் கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். சனிக்கிழமையிலிருந்து இதைத்தான் அரைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரூபாயும் பவுனும் ஒன்றாகவே நடக்கின்றன. அப்படியானால் என் 165 ரூபாய், ரூபாயாகவே என் பெட்டியில் இருந்திருந்தால், மாசியிலும் பதினோரு பவுன்தான். இன்றும் பதினொன்றுதான். எந்த நாளில் போனாலும் பதினொன்று. அதை வெள்ளியாக மாற்றச் சொன்னது யார்? துறைமுகத்தில் இறங்கி என் கால் மண்ணில் பதிவதற்குள் "அதை இங்க குடு, மாத்திருவோம்" என்று கை நீட்டியது யார்?

165 ரூபாய். ஒரு விதவை நூற்றைம்பது வைத்திருக்கலாம், இருநூறு வைத்திருக்கலாம். நூற்று அறுபத்தைந்து எதற்கு? கணக்கு வாத்தியார் நீங்கள், உங்களுக்கு அது உறைக்கவில்லையா? பதினோரு பதினஞ்சு அண்ணே. கமலாவுக்குப் பதினோரு காசில் மாலை என்று உங்கள் மைத்துனர் படுக்கையில் கிடந்தபடி எண்ணி முடிந்து கொடுத்த பணம் அது. "பவுனா வாங்கிக் கப்பல்ல கொண்டுபோனா களவு போயிரும். ரூபாயா கொண்டுபோ, அங்க போய் வாங்கிக்க" என்றார். அவர் நான்காம் வகுப்பு. அவர் சொன்னது சரியாக இருந்தது. நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அண்ணனுக்குத் தெரியாததா என்று கொடுத்துவிட்டேன்.

திருடன் என்று நினைத்தபோது இவ்வளவு கோபம் வரவில்லை. திருடனிடம் போலீசுக்குப் போகலாம். உங்களிடம் எங்கே போவது?

வடிவேலு அண்ணனே மாமன். அதில் மாற்றம் இல்லை.

மங்களம்


தேக்கா
மே 28

மங்களம்,

நீ எழுதிய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பிழை இல்லை.

ஆனால் நீதியில் பிழை இருக்கிறது. வந்த மறுநாள் நீ ரூபாயைக் கொண்டுபோய் நீட்டினால் இந்த ஊரில் எந்த மளிகைக்காரன் அரிசி கொடுப்பான்? கடல் கடந்து வருகிற எல்லோரும் மாற்றுகிறார்கள். நானும் மாற்றினேன். என் தகப்பனாரும், அதாவது உன் தகப்பனாரும், மாற்றினார். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று துறைமுகத்தில் நின்றுகொண்டு யாருக்குத் தெரியும்? வெள்ளி இறங்காமல் ஏறியிருந்தால்? ரூபாய் எழுபது காசுக்கு வந்திருந்தால் பவுன் 10 வெள்ளி 50 காசு. உன் பணத்தோடு நான் இன்னொரு அறுபது காசு போட்டிருந்தால் பன்னிரண்டு பவுன் வந்திருக்கும். அப்போது என் வாசலில் வந்து, "அண்ணே, நீங்க கெட்டிக்காரர்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருப்பாயா? மாட்டாய். என் மைத்துனர் கெட்டிக்காரர் என்பாய்.

நல்லதாக முடிந்தால் யாருக்கும் ஞாபகம் இல்லை. கெட்டதாக முடிந்தால் துறைமுகத்தில் கை எப்படி நீண்டது என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

மாசியில் ஏன் சொல்லவில்லை என்றாய். இப்போது கேள். பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோதே தீர்மானித்துவிட்டேன், பதினொன்றாவதை நான் போடுவேன் என்று. ஓய்வூதியத்தில் மாதம் இரண்டு மூன்று வெள்ளி ஒதுக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே கேலாங்குக்கு வந்தேன், ரிக்‌ஷாக் காசு மிச்சம் என்று. நீ கேட்காமல் இருந்திருந்தால் ஆனியில் பதினொன்றும் சேர்ந்து வந்திருக்கும். உனக்குத் தெரிந்தே இருக்காது. அப்படித்தான் நினைத்தேன். உனக்குத் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று.

நூற்று அறுபத்தைந்து ஏன் என்று நான் கேட்கவில்லை. அது உண்மைதான்.

சேர்ந்ததோடு பால்காரரிடம் கைமாற்றாக வாங்கிப் பதினோராவது பவுனை வாங்கிவிட்டேன். அவர் கையிலேயே இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். அவர் பொய் சொல்ல மாட்டார், எண்ணி வாங்கிக்கொள். ஒன்றை எண்ணக் கஷ்டமில்லை.

வடிவேலுவே மாமனாக நிற்கட்டும். பந்தியில் உட்கார எனக்குப் பசி இல்லை.

பரமசிவம்


கேலாங்
ஜூன் 3

அண்ணன் அவர்களுக்கு மங்களம் எழுதுவது.

நீங்கள் அனுப்பிய பவுனை அதே துணியில் முடிந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். பால்காரருக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டு மீதியில் ரிக்‌ஷா ஏறுங்கள். இந்த வயதில் வெயிலில் மூன்று மைல் நடந்து வந்து ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்களா? நான் அதற்கும் சேர்த்துத்தான் இப்போது கோபமாக இருக்கிறேன்.

இந்தப் பவுனை நான் ஏன் வாங்கிக்கொள்ளவில்லை என்று கேளுங்கள். உங்கள் வாசலில் நான் கத்தியதைத் தெரு கேட்டது. இப்போது நீங்கள் ஒரு பவுன் கொடுத்தால், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் வாத்தியார் என்று அதே தெரு சொல்லும். என் வாயால் வந்ததை உங்கள் காசால் உறுதி செய்ய மாட்டேன். இன்னொன்றும் உண்டு. எனக்குத் தெரியாமல் குறைந்ததற்கு மருந்து, எனக்குத் தெரியாமல் கூட்டுவது இல்லை.

திங்கட்கிழமை வடிவேலு அண்ணன் கிராஞ்சியிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு. நல்ல வேட்டி. மாமன் வேஷத்தில்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"மாமனா நிக்கிறதுக்கு வரல தங்கச்சி. திட்டுறதுக்கு வந்தேன்" என்றார். "கூடப்பொறந்தவரு இங்க இருக்கையில நான் பட்டம் கட்டினா, அவருக்கு என்ன ஆச்சுன்னு சபையில நாலு பேரு கேப்பான். நான் என்னன்னு சொல்றது? செத்துட்டாருங்கிறதா?"

"கணக்குத் தப்பாப் போட்டாருன்னு சொல்லுங்க" என்றேன்.

"கணக்குத் தப்பாப் போட்டவன் எல்லாம் மாமனா நிக்கக் கூடாதுன்னா, இந்த ஊருல ஒரு பொண்ணுக்கும் கல்யாணம் ஆகாது லா" என்று சொல்லிவிட்டு, நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கிழங்கை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நேற்று நானே சம்பந்தி அம்மாள் வீட்டுக்குப் போனேன். மறைத்து வைத்து மணவறையில் எண்ணும்போது தெரிவதைவிட, இப்போதே தெரியட்டும் என்று. சரஸ்வதி அம்மாள் வெற்றிலைத் தட்டை நகர்த்தவே இல்லை.

"பத்தா? வாக்கு பதினொண்ணுல்ல?"

"வாக்கு பதினொண்ணுதான். பத்து இப்ப. ஒண்ணு கமலாவுக்குப் புள்ள பொறந்த பொறகு."

"அதுக்குள்ள பவுன் ஏறிட்டா? அப்பவும் இப்படித்தான் வந்து நிப்பியா?"

"ஏறட்டும். நான் வெள்ளியில சேக்கப்போறதில்ல. அரவைக் காசை வாராவாரம் ரூபாயா மாத்திச் சேக்கப்போறேன். பவுன் எங்க போனாலும் ரூபாய் கூடவே போகும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன்."

அந்த அம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எங்கிட்டயும் கொஞ்சம் வெள்ளி கெடக்கு. சின்ன மகளுக்குத் தங்கம் எடுக்கணும்னு வச்சிருக்கேன். அதையும் மாத்தணுமா?" வெற்றிலைத் தட்டு அதற்குப் பிறகுதான் என் பக்கம் வந்தது.

கிளம்பும்போது, "ஆமா, மாமன் யாரு நிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"எங்கண்ணன். தேக்கா வாத்தியாரு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனசு இன்னும் சொல்லவில்லை. ஆனால் சம்பந்தி வீட்டில் வாய் சொன்னதுதானே வாக்கு. ஒரு வாக்கில் ஏற்கெனவே ஒன்று குறைந்துவிட்டது. இதையும் குறைக்க என்னால் முடியாது.

அதனால் வாருங்கள். ஆனி பதினாறாம் தேதிக்கு முதல் நாளே வந்துவிடுங்கள். மாலையும் பட்டமும் நீங்கள் வாங்க வேண்டும், அது மாமன் செலவு. அதில் நான் ஒரு காசு போட மாட்டேன், விலையும் கேட்க மாட்டேன். பவுனைப் பற்றிப் பேச வேண்டாம். உங்களோடு நான் சரியாகப் பேசுவதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், அது தினமும் மாறுகிறது.

ஊரிலிருந்து கப்பல் வரும்போதெல்லாம், புதிதாக இறங்குகிறவர்கள் உங்களிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அடுத்த தடவை யாராவது மடியில் முடிச்சோடு வந்து நின்றால், மாற்று என்றோ மாற்றாதே என்றோ சொல்வதற்கு முன்னால், "இதை எதுக்காக வச்சிருக்கீங்க?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

மங்களம்